வைஃபை இயக்கியில் நினைவகம் கரைவது: கசிவா, துண்டுபடுதலா, சிதைவா?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். 512 மெகாபைட் நினைவகம் கொண்ட சிறு பலகைக் கணினி ஒன்றில் லினக்ஸ் ஓடுகிறது. யூஎஸ்பி வைஃபை கருவி செருகப்பட்டிருக்கிறது. நாள் செல்லச் செல்லப் பயன்படுத்தத்தக்க நினைவகம் குறைகிறது. ஆனால் டாப் கட்டளையில் எந்த நிரலும் பெருத்திருப்பதாகத் தெரியவில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவில் இடையிடையே ‘பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 3’ என்ற செய்தி வருகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நினைவகம் தீர்ந்து கெர்னல் நிரல்களைக் கொல்லத் தொடங்குகிறது. வைஃபை கருவியைக் கையாளும் கெர்னல் கூறான இயக்கியைக் கழற்றி மறுபடி ஏற்றினாலும் போன நினைவகம் திரும்பவில்லை. எனவே இயக்கியில்தான் கசிவு என்பதை எப்படி உறுதி செய்வது, எந்த வரியில் என்று எப்படிக் கண்டறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூர்ந்து பார்த்தால் இங்கே இரண்டு வெவ்வேறு நோய்களின் அறிகுறிகள் ஒரே நோயாகச் சேர்த்துச் சொல்லப்பட்டுள்ளன. அவற்றைப் பிரிக்காமல் எந்தக் கருவியை எடுத்தாலும் பல நாள்கள் வீணாகும்.

கம்பியில்லா இயக்கிகளை எழுதியதைவிடப் பிறர் எழுதியவற்றைப் பழுதுபார்ப்பதில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இயக்கியில் நினைவகச் சிக்கல் என்று வருபவை மூன்று வகைப்படும். ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்காமல் விடுவது கசிவு. மொத்தத்தில் நினைவகம் இருந்தும், அது பிரிக்கப்படும் சம அளவுத் துண்டுகளான பக்கங்கள் அடுத்தடுத்துக் கிடைக்காமல் போவது துண்டுபடுதல். விடுவித்த நினைவகத்தைத் தொடுவதும், எல்லை தாண்டி எழுதுவதும் சிதைவு. முதலாவது மெதுவாகக் கொல்லும். இரண்டாவது திடீரென்று மறுக்கும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மூன்றாவது தொடர்பே இல்லாத இடத்தில் வெடிக்கும். உங்கள் விவரத்தில் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவது இருப்பதற்கான அறிகுறி இல்லை. ஆனால் இல்லை என்று உறுதி சொல்ல அந்த விவரம் போதாது.

ஆர்டர் 3 செய்தியை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். ஆர்டர் 3 என்றால் 2-இன் மூன்றாம் அடுக்கு, அதாவது அடுத்தடுத்து அமைந்த 8 பக்கங்கள். ஒரு பக்கம் 4 கிலோபைட் எனில் ஒரே துண்டாக 32 கிலோபைட். வைஃபை இயக்கி ஏன் இவ்வளவு பெரிய துண்டைக் கேட்கிறது என்றால், பல ஃப்ரேம்களை (வைஃபை அனுப்பும் தரவுத் தொகுதிகளை) ஒன்றாகத் திரட்டி அனுப்பும் முறை 802.11என் என்ற வைஃபை தரத்தின் காலத்திலிருந்தே வந்துவிட்டது. ஏ-எம்எஸ்டியு எனப்படும் அத்தகைய திரட்டு ஒன்று 7935 பைட்டுகள் வரை வரலாம்; அதனுடன் தலைப்பும், கெர்னல் ஒவ்வொரு பாக்கெட் பஃபரின் முடிவிலும் வைக்கும் சில நூறு பைட் கணக்குப் பகுதியும் சேரும்போது 8 கிலோபைட்டில் அடங்காமல் 16 கிலோபைட் தேவைப்படுகிறது. யூஎஸ்பி கருவிகளில் இன்னும் ஒருபடி மேலே போய், ஒரே பரிமாற்றத்தில் பல ஃப்ரேம்களை அடைத்து அனுப்புவதால் சில இயக்கிகள் 32 கிலோபைட் பஃபரையே கேட்கின்றன. இந்தக் கோரிக்கை பெரும்பாலும் குறுக்கீட்டுச் சூழலில், அதாவது வன்பொருள் அவசரமாக அழைக்கும் தருணத்தில், எழுவது. அங்கே கெர்னல் தூங்க முடியாது, பக்கங்களை இடம் மாற்றி ஒழுங்குபடுத்தவும் நேரமில்லை. கையில் இருந்தால் தரும், இல்லையேல் மறுக்கும். 100 மெகாபைட் காலியாக இருக்கும்போதே இந்தச் செய்தி வரக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் உள்ள படிஇன்ஃபோ கோப்பைப் பாருங்கள். சிறு துண்டுகளைக் காட்டும் இடப்பக்க நெடுவரிசைகளில் ஆயிரக்கணக்கும் பெரிய துண்டுகளைக் காட்டும் வலப்பக்கம் பூச்சியங்களும் இருந்தால் அது துண்டுபடுதல், கசிவு அன்று. நல்ல இயக்கி இந்த மறுப்பை ஏற்று அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் இழந்து தொடர்ந்து நடக்கும். மோசமான இயக்கி, வரும் ஃப்ரேம்களுக்கான பஃபர் வரிசையான பெறுவளையம் காலியானபின் அதை மறுபடி நிரப்ப மறந்துவிடும்; அப்போது நினைவகம் குறையாது, இணைப்புதான் ஊமையாகும். குறைந்தபட்சக் காலி நினைவக அளவை சிஸ்கண்ட்ரோல் என்ற கெர்னல் அமைப்பு வசதி வழியாக உயர்த்துவதும், இயக்கி அளபுருவில் திரட்டு அளவைக் குறைக்க வாய்ப்பிருந்தால் குறைப்பதும் இதற்குப் போதுமான மருந்து. கசிவு முற்றும்போது துண்டுபடுதலும் கூடவே முற்றும் என்பதால், உங்கள் பதிவில் இந்தச் செய்தி கசிவின் நிழலாகவும் இருக்கலாம். ஆனால் அதுவே கசிவுக்குச் சான்றாகாது.

இயக்கியைக் கழற்றியும் நினைவகம் திரும்பவில்லை என்பதை வலுவான சான்றாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது நீங்கள் நினைக்கும் திசையில் முழுமையாக நிற்கவில்லை. ஒரு நிரல் முடிந்ததும் அதன் நினைவகத்தைக் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்கிறதே, அப்படி ஓர் ஏற்பாடு கெர்னல் கூறுகளுக்குக் கிடையாது. எந்தக் கூறு எந்தத் துண்டைக் கேட்டது என்று யாரும் சாதாரணமாகக் கணக்கு வைப்பதில்லை. விடுவிக்காமல் வெளியேறினால் அந்த நினைவகம் மறுதொடக்கம்வரை அனாதைதான். ஆகவே திரும்பாமை என்பது கெர்னல் பக்கத்தில் கசிவு இருப்பதற்குப் பொருந்துகிறது. அது வைஃபை இயக்கியின் கசிவு என்று சொல்லவில்லை. மாறாக, கழற்றியவுடன் நினைவகம் திரும்பியிருந்தால்தான் அது சுவையான செய்தி: அப்போது இயக்கி அந்தப் பஃபர்களைத் தொலைக்கவில்லை, ஏதோ ஒரு வரிசையில் குவித்து வைத்திருந்து கழற்றும்போது ஒழுங்காகக் காலி செய்தது என்று பொருள்.

இனி அளவிடல். ஃப்ரீ கட்டளையின் ஒற்றை எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மெம்இன்ஃபோ கோப்பைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நேரக் குறிப்புடன் சேமித்து வையுங்கள். கெர்னல் தன் சிறு பொருள்களுக்கு ஒதுக்கும் நினைவகமான ஸ்லாப்பின் கணக்கில் மீட்கத்தக்கது, மீட்கத்தகாதது என இரண்டு வரிகள் இருக்கும். மீட்கத்தக்கது வளர்வது பெரும்பாலும் கோப்புப் பெயர்களின் தற்காலிகச் சேமிப்பு. நெருக்கடி வந்தால் கெர்னலே அதைக் கைவிடும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மீட்கத்தகாதது நேர்கோடாக ஏறினால் ஸ்லாப்டாப் கட்டளையில் எந்தத் தொகுப்பு வளர்கிறது என்று பாருங்கள். ஒத்த அளவுள்ள தொகுப்புகளைக் கெர்னல் ஒன்றாக இணைத்துவிடக்கூடும் என்பதால், சோதனைக்காக ஸ்லாப் நோமெர்ஜ் என்ற தொடக்க அளபுருவைக் கொடுத்துவிட்டால் பெயர்கள் தெளிவாகும். நிரல்கள், கோப்புச் சேமிப்பு, ஸ்லாப், பக்க அட்டவணை, கெர்னல் அடுக்குகள், காலி என எல்லா வரிகளையும் கூட்டிப் பார்த்தும் மொத்தம் சேரவில்லை, அந்த இடைவெளி நாளுக்கு நாள் பெருகுகிறது என்றால், யாரோ பக்கங்களை நேரடியாகக் கேட்டு வாங்கித் தொலைக்கிறார்கள் என்று பொருள். பிணைய இயக்கிகளில் இந்த இடைவெளிதான் முக்கியமான தடயம். பலர் ஸ்லாப்பை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள்.

ஏன் அப்படி என்று விளக்க வேண்டும். கெர்னலில் ஒரு பாக்கெட் எஸ்கே-பஃப் என்ற கட்டமைப்பில் பயணிக்கிறது. சுருக்கமாக எஸ்கேபி என்போம். அதற்கு இரண்டு பகுதிகள். கணக்கு விவரங்கள் அடங்கிய தலைப்பகுதி 64 பிட் கணினிகளில் வழக்கமாக 256 பைட் இடம் பிடிக்கும். அது ஸ்கேபஃப் ஹெட் கேச் என்ற ஸ்லாப் தொகுப்பிலிருந்து வருகிறது. உண்மையான தரவு வேறிடத்திலிருந்து, பெறும் பக்கத்தில் பெரும்பாலும் பக்கங்களை நறுக்கித் தரும் ஓர் ஒதுக்கியிலிருந்து வருகிறது; அது ஸ்லாப் கணக்கில் சேராது. ஆகவே 10,000 பாக்கெட்டுகள் தொலைந்தால் ஸ்லாப்பில் ஏறக்குறைய இரண்டரை மெகாபைட் மட்டுமே கூடியதாகத் தெரியும். தரவு ஒவ்வொன்றும் 2 கிலோபைட் என்றாலும் 20 மெகாபைட் கணக்கில் வராமல் மறைந்திருக்கும். இதைவிடப் பொல்லாத ஒன்றும் உண்டு. அந்த நறுக்கும் ஒதுக்கி வழக்கமாக 32 கிலோபைட் துண்டை எடுத்து அதிலிருந்து பலருக்கும் பங்கு கொடுக்கிறது. அதில் ஒரேயொரு சிறு பங்கு திரும்பாவிட்டாலும் முழு 32 கிலோபைட்டும் பூட்டப்பட்டுவிடும். சிறு கட்டுப்பாட்டு ஃப்ரேம் ஒன்று தொலைவது அதன் அளவைப்போல நூறு மடங்கு இழப்பாக மாறுவது இப்படித்தான். எனவே தொலைந்த மெகாபைட்டை வைத்து எத்தனை பாக்கெட் போயிற்று என்று கணக்குப் போடாதீர்கள். தலைப்பகுதிகளின் எண்ணிக்கையை நம்புங்கள்.

எண்ணிக்கை கூடுவதெல்லாம் கசிவும் அன்று. வைஃபை இயக்கி இயல்பாகவே நிறைய நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெறுவளையத்தில் 512 பஃபர்கள், ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் அதுவே 2 மெகாபைட். வரிசை மாறி வரும் ஃப்ரேம்களை அடுக்கும் மறுவரிசைப் பஃபர், 802.11என் மற்றும் ஏசி முறைகளில் ஓர் அமர்வுக்கு 64 ஃப்ரேம்கள் வரையும், ஏஎக்ஸ் முறையில் 256 வரையும் வைத்திருக்கலாம். கெர்னலின் பொது வைஃபை அடுக்கான மேக்80211-இன் அனுப்பு வரிசைக்கு இயல்பான நினைவக வரம்பு விஎச்டி (ஏசி முறை) ஆதரவுள்ள வன்பொருளில் 16 மெகாபைட், இல்லாதவற்றில் 4 மெகாபைட். 512 மெகாபைட் கணினியில் இவை கண்ணில் படும் அளவுதான். வேறுபாடு வடிவத்தில் இருக்கிறது: பிடித்து வைத்தல் ஏறி ஓர் உயரத்தில் நின்றுவிடும், சுமை நீங்கினால் இறங்கும், கசிவு நிற்காமல் ஏறும். வரைபடத்தில் ஓர் இரவு போதும், இரண்டும் பிரிந்துவிடும்.

சரிவு உறுதியானபின் பெரும்பாலோர் உடனே பிழைதேடும் கருவிகளை நோக்கி ஓடுகிறார்கள். என் அனுபவத்தில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு; பாதி வேலையை அதுவே முடித்துவிடும்: எந்த நிகழ்வுக்கு ஒருமுறை எத்தனை பொருள் தொலைகிறது? பாக்கெட் ஓட்டத்துடன் கசிகிறதா, வலைத் தேடலுடன் கசிகிறதா, இணைந்து பிரியும்போது கசிகிறதா, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்) விழுந்து எழும்போது கசிகிறதா என்று தனித்தனியே சோதியுங்கள். இணைப்பே இல்லாமல் ஐடபிள்யூ கட்டளையால் ஆயிரம் தேடல்கள்; பிறகு தேடல் இல்லாமல் ஐபெர்ஃப்3 என்ற பிணைய வேகச் சோதனைக் கருவி கொண்டு ஒரு மணி நேர ஓட்டம்; பிறகு ஓட்டம் இல்லாமல் முந்நூறு முறை இணைத்துப் பிரித்தல்; ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் ஸ்லாப் எண்ணிக்கை. ஆயிரம் தேடலுக்கு ஆயிரத்தை ஒட்டிய ஒரு முழு எண் மடங்கு பொருள்கள் தொலைந்தால், தேடல் முடிவைக் கையாளும் செயற்கூறைத் திறந்து வாசிப்பதே போதும். மூன்று நாள் காத்திருந்து காணும் நோயை இருபது நிமிடத்தில் வரவழைக்கும் வழியும் இதுதான். பின்னால் எந்தத் திருத்தத்தைச் சோதிப்பதற்கும் இது வேண்டும்.

ஒவ்வொரு நிகழ்விலும் எங்கே பார்ப்பது என்பதற்குப் பழகிய இடங்கள் உள்ளன. தேடல் என்றால், வைஃபை அமைப்புகளை நிர்வகிக்கும் சிஎஃப்ஜி80211 அடுக்குக்குப் புதிய அணுகுபுள்ளியை அறிவிக்கும் செயற்கூறு, அந்தப் பதிவை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒன்று உயர்த்தித்தான் திருப்பித் தருகிறது. அழைத்தவர் அதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். திரும்பிய மதிப்பைப் பயன்படுத்தாத இயக்கி எழுத்தாளர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம். வேலை எதுவும் கெடாது, பட்டியல் மட்டும் காலாவதியாகாமல் பெருகும். அனுப்புதல் என்றால் பொறுப்பு யார் கைக்கு மாறியது என்பதே கேள்வி. ஈதர்நெட் பாணியில் எழுதப்பட்ட இயக்கியின் அனுப்பு செயற்கூறு ‘சரி’ என்று விடை சொன்னால், பாக்கெட்டை அது ஏற்றுக்கொண்டது என்று பொருள். உள்ளே பிழை நேர்ந்து கைவிட்டாலும் விடுவிக்கும் கடமை அதனுடையதே. ‘பிஸி’ என்று சொன்னால் பாக்கெட்டை அது தொடவே இல்லை என்று பொருள். மேல் அடுக்கு அதை மறுபடி வரிசையில் வைக்கும். பிழை வழியில் விடுவிக்காமல் ‘சரி’ சொன்னால் கசிவு. விடுவித்துவிட்டு ‘பிஸி’ சொன்னால் சிதைவு. இரண்டும் ஒரு வரித் தவறுகள். மேக்80211 இயக்கிகளில் இன்னொரு நுணுக்கம்: அனுப்பிய ஃப்ரேமை நிலை அறிவிப்புடன் திருப்பித் தர வேண்டும், அல்லது அந்த அடுக்குக்கென்றே உள்ள விடுவிப்புச் செயற்கூறால் விடுவிக்க வேண்டும்; பொதுவான எஸ்கேபி விடுவிப்பை அழைத்தால், ஒப்புகைக்காகக் காத்திருக்கும் நகல் ஒன்று உள்ளே தங்கிப்போகலாம்.

உங்களுடையது யூஎஸ்பி கருவி என்பதால் முதலில் நான் திறந்து பார்க்கும் இடம் யூஆர்பி எனப்படும் பரிமாற்றக் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி. ஒரு கோரிக்கையைச் சமர்ப்பிக்கும்போதே பிழை வந்தால், பரிமாற்றம் முடிந்ததும் அழைக்கப்பட வேண்டிய முடிவுச் செயற்கூறு ஒருபோதும் அழைக்கப்படாது. எனவே அங்கே விடுவிக்கப்படும் என்று நம்பி விட்ட எஸ்கேபி அப்படியே தொலையும். மறுபக்கம், முடிவுச் செயற்கூறு பிழை நிலையுடன் அழைக்கப்படும்போது ‘கருவி போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று முதல் வரியிலேயே திரும்பிவிடும் இயக்கிகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஒரு திரும்புதலில் எஸ்கேபியும் சேர்ந்து போகிறது. மின்சாரம் போதாமல் யூஎஸ்பி இணைப்பு அடிக்கடி அறுந்து மீளும் சிறு பலகைகளில், இப்படிப்பட்ட ‘அரிதான’ வழி நாளுக்குப் பல நூறு முறை நடக்கும். உங்கள் பதிவில் யூஎஸ்பி மீளமைப்புச் செய்திகள் உள்ளனவா என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கட்டாயம் பாருங்கள்.

இப்போது கருவிகள். கேமெம்லீக் 2009-இல் வெளிவந்த 2.6.31 பதிப்பிலிருந்து கெர்னலுடன் வருகிறது; யாரும் சுட்டாத நினைவகத் துண்டுகளைத் தேடி, அவற்றை ஒதுக்கிய அழைப்புத் தடத்துடன் பட்டியலிடும். இயல்பாகப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை தானே துழாவும். சோதனைக்கு முன் பழைய பட்டியலை அழித்துவிட்டு, நிகழ்வை நடத்தி, பின் கையால் துழாவச் சொல்வது நல்லது. அதன் எல்லைகள் தெரிந்திருக்க வேண்டும். பக்கங்களை நேரடியாக ஒதுக்கியவை அதன் கண்ணுக்குப் படாது. ஏதோ ஒரு பட்டியலில் மாட்டி, யாரும் வெளியே எடுக்காமல் கிடக்கும் பாக்கெட்டுகளும் படாது. அவற்றைத்தான் யாரோ சுட்டிக்கொண்டிருக்கிறார்களே! எனவே கேமெம்லீக் மௌனமாக இருப்பது கசிவில்லை என்பதற்குச் சான்றன்று. அது ஒன்றைக் காட்டி, மறுமுறை துழாவியும் அது அங்கேயே இருந்தால், பெரும்பாலும் உண்மை. பக்கங்களுக்குப் பேஜ் ஓனர் வசதி உண்டு. தொடக்க அளபுருவில் இயக்கிவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் யார் வாங்கினார் என்று பதிவாகும். 2024-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து ப்ராக் அடைவில் அலாக்இன்ஃபோ என்ற கோப்பு, மூலநிரலின் எந்த வரி இப்போது எத்தனை பைட் வைத்திருக்கிறது என்றே சொல்கிறது, சுமையும் குறைவு. அந்தக் கெர்னலை உங்களால் ஓட்ட முடிந்தால் அதிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை.

ஆனால் இக்கருவிகள் எல்லாமே ஒதுக்கியவரைக் காட்டுகின்றன, தொலைத்தவரைக் காட்டுவதில்லை. பெறும் திசையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒதுக்குவது வைஃபை இயக்கிதான். அது மேலே ஒப்படைத்தபின் பாலம், தீச்சுவர், விபிஎன் கூறு என யார் தொலைத்தாலும் தடத்தில் வைஃபை இயக்கியின் பெயரே வரும். ஒருமுறை நான் பணியாற்றிய குழு மூன்று வாரம் ஓர் இயக்கியின் பெறும் பகுதியை வரிவரியாக ஆராய்ந்தது. தவறு மேலே உட்கார்ந்திருந்த, வேறொரு குழு எழுதிய, பாக்கெட் எண்ணும் கூறு ஒன்றில் இருந்தது. அதே கணினியில் கம்பி வழி இணைப்பில் ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். நறுக்கும் ஒதுக்கியைப் பொறுத்தவரை பேஜ் ஓனர் காட்டும் தடம் இன்னும் ஏமாற்றக்கூடியது: 32 கிலோபைட் துண்டை முதலில் எடுத்தவர் பெயர்தான் அதில் இருக்கும், அதில் ஒரு பங்கைப் பெற்றுத் தொலைத்தவர் பெயர் இராது. ஆகவே அனுப்பும் திசையில் கசிவு என்றால் இயக்கியைச் சந்தேகிப்பது நியாயம்; பெறும் திசையில் என்றால், கம்பி வழிச் சோதனையும், மேக்80211 எச்டபிள்யூசிம் என்னும் மெய்நிகர் வானொலியில் அதே சோதனையும் செய்து, அங்கெல்லாம் கசியவில்லை என்றான பிறகே இயக்கிமீது விரல் நீட்டுங்கள்.

சிதைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கசிவைத் திருத்தப் போகும் பலர் அதை உண்டாக்கிவிடுவதால். விடுபட்ட இடம் என்று எண்ணி ஒரு விடுவிப்பைச் சேர்த்தால், வேறொரு வழியில் அது இருமுறை விடுவிப்பாகிவிடும். ஸ்லப் டீபக் என்ற கெர்னல் சோதனை வசதியை இயக்கியிருந்தால் விடுவித்த நினைவகம் 6பி என்ற பைட்டால் நிரப்பப்படும். விழுகைப் பதிவில் ஏதேனும் பதிவகம் 6பி6பி6பி6பி என்று தெரிந்தால், விடுவித்ததைத் தொட்டிருக்கிறீர்கள் என்பதில் ஏறக்குறைய ஐயமே இல்லை. 4.0 பதிப்பிலிருந்து உள்ள, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கேசான் இதைச் சரியான வரியிலேயே பிடிக்கும்; ஆனால் அதன் பொதுவான வடிவம் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் கண்காணிப்புக் கணக்கான நிழலுக்கே எடுத்துக்கொள்ளும், உங்கள் பலகையில் அது 64 மெகாபைட்; வேகமும் வெகுவாகக் குறையும். கருவி யூஎஸ்பி என்பது இங்கே நல்வாய்ப்பு: அதைக் கழற்றி, நினைவகம் தாராளமாக உள்ள மேசைக் கணினியில் செருகி, அங்கே கேசானுடன் சோதியுங்கள். அது இயலாதெனில் 5.12 பதிப்பில் வந்த கேஃபென்ஸ் சில ஒதுக்கீடுகளை மட்டும் மாதிரியாக எடுத்துக் கண்காணிப்பதால் அதன் சுமை மிகக் குறைவு. பிடிக்க நாளாகும், ஆனால் பொய் சொல்லாது. பிசிஐ கருவி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வன்பொருளே நேரடியாக நினைவகத்தில் எழுதுவதைக் கேசான் காணாது, ஏனெனில் அது செயலியின் கட்டளைகளை மட்டும் கண்காணிக்கிறது. அங்கே, கருவிகள் நினைவகத்தை எட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவை இயக்கி, உடனடியாகச் செல்லாததாக்கும் கண்டிப்பு முறையில் வைத்தால்தான், விடுவித்த பஃபரில் கருவி எழுதுவது பிழைச் செய்தியாக வெளிப்படும்.

நிரலை ஓட்டாமலே மூலநிரலை ஆராயும் நிலைப் பகுப்பாய்வுக் கருவிகள் சொல்லும் கசிவுகளைப் பற்றியும் ஒரு சொல். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் ஏடிஎச்9கே, ஏடிஎச்10கே, ஐடபிள்யூஎல்வைஃபை உள்ளிட்ட இயக்கிகளின் பிழை வழிகளில் இருந்த கசிவுகளுக்கு வரிசையாகச் சிவிஇ எனப்படும் பாதுகாப்புக் குறைபாட்டு எண்கள் வழங்கப்பட்டன. அவை உண்மையான தவறுகளே. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஓர் ஒதுக்கீடு தோற்றால் முந்தைய ஒதுக்கீட்டை விடுவிக்க மறக்கும் வகை. நாள்தோறும் சீராகக் கரையும் நினைவகத்துக்கு அத்தகையது காரணமாவது அரிது. உங்கள் இயக்கியின் பெயரில் பழைய சிவிஇ ஒன்றைக் கண்டதும் இதுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பிழை வழிகளை மெய்யாகச் சோதிக்க விரும்பினால் ஃபெயில்ஸ்லாப் வசதி ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கச் செய்யும்.

நீங்கள் ஓட்டுவது கெர்னலுடன் வரும் இயக்கியா, கருவித் தயாரிப்பாளர் தனியே தரும் மூலநிரலா என்பதும் தெரியவில்லை. இது வழியையே மாற்றும். தனியே தரப்படுவதெனில், அதே சில்லுக்குக் கெர்னலில் இயக்கி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு மாறி ஒரு நாள் ஓட்டுங்கள். கசிவு நின்றால் தேடல் அத்துடன் முடியலாம். கெர்னலுடன் வருவதே, முன்பு நன்றாக இருந்து புதிய பதிப்பில் கெட்டது என்றால், மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் கெட்ட மாற்றத்தைத் தேடும் கிட் பைசெக்ட் உண்டு. இரண்டு அடுத்தடுத்த பதிப்புகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 14 படிகளில் முடியும். படிக்கு மூன்று நாள் காத்திருந்தால் ஆறு வாரம். முன்னே சொன்ன இருபது நிமிடச் சோதனை கையில் இருந்தால் ஒரு நாள். கம்பியில்லா இயக்கிகள் உள்ள அடைவுக்கு மட்டும் தேடலைக் குறுக்கினால் படிகள் இன்னும் குறையும். ஆனால் தவறு மேக்80211 அடுக்கிலோ யூஎஸ்பி அடுக்கிலோ இருந்தால் அந்தக் குறுக்கல் தவறான மாற்றத்தில் கொண்டுபோய் விடும்.

உங்கள் கணினியில் நான் உட்கார்ந்திருந்தால் இன்றிரவு மெம்இன்ஃபோவையும் ஸ்லாப்இன்ஃபோவையும் பதிவு செய்ய விட்டுவிட்டு, நாளைக் காலை கணக்கில் வராத இடைவெளியைப் பார்ப்பேன். எஸ்கேபி தலைகளும் இடைவெளியும் சேர்ந்து ஏறினால் பாக்கெட் கசிவு. மேற்சொன்ன மூன்று நிகழ்வுச் சோதனைகளுக்குச் செல்வேன். தலைகள் அசையாமல் இடைவெளி மட்டும் ஏறினால், வைஃபையைவிடத் திரைக்காட்சி அல்லது ஒளிப்படக் கருவி இயக்கியையே முதலில் சந்தேகிப்பேன். சிறு பலகைகளில் அவையும் பக்கங்களை நேரடியாக வாங்குபவை. கருவியைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டியும் சரிவு தொடர்ந்தால் இதுவரை நான் எழுதியதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. அந்த எளிய சோதனையை இன்னும் செய்யவில்லை என்றால் அதையே முதலில் செய்யுங்கள். அடுத்த முறை எழுதும்போது கெர்னல் பதிப்பு, சில்லின் பெயர், இயக்கியின் மூலம், யூஎஸ்பி மீளமைப்புச் செய்திகள், இரவு முழுவதும் எடுத்த இரு கோப்புகளின் முதல் பதிவும் கடைசிப் பதிவும் ஆகியவற்றை இணைத்தால், எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதைக் குறிப்பாகச் சொல்ல முடியும்.